எஸ்டிமேட்டில் ‘காம்பாக்ட்’, ‘கம்ப்ரஸ்’: டெல்டாவில் முதல்முறை வீடு கட்டுகிறவர்களுக்கு

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் முடிந்து முதல் ஐப்பசி மழை போனதும், கூடத்தில் சுவரோரமாகத் தரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோடு தெரிந்தது. கார்த்திகையில் நகம் நுழைந்தது. தை பிறந்தபோது சுண்டுவிரல் நுழைந்தது. சுவரில் கீறல் இல்லை, தூண் அசையவில்லை. தரை மட்டும் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சு” என்று ஒப்பந்தக்காரர் முன்பே கொடுத்திருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது கம்ப்ரஷன் ரிப்போர்ட்டுங்க, கான்கிரீட்டுக்கு எடுத்தது. நீங்க சொல்ற பிரச்சினைக்குக் காம்பாக்‌ஷன் ரிப்போர்ட் வேணும், மண்ணுக்கு. அது எங்க?”

அது இல்லை. எடுக்கவே இல்லை. இரண்டு சொல்லையும் ‘அழுத்துவது’ என்று ஒன்றாகவே படித்துவிட்டு, வந்த காகிதத்தை நான் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தேன். டைல்ஸை உடைத்து, மண்ணை வாரி, மறுபடி கொட்டி இடித்து, மறுபடி டைல்ஸ் போட அறுபதாயிரத்துக்கு மேல் போயிற்று. இந்தச் செலவு உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் இரண்டு சொல்லையும் பிரித்துக்கொள்ளுங்கள்

அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருக்கும்: நெருக்கு, அழுத்து, இறுக்கு. அதை வைத்துக்கொண்டு எஸ்டிமேட்டைப் படிக்க முடியாது. நம் வயலிலும் களத்திலும் பார்த்ததை வைத்துப் பிரித்துக்கொள்வது சுலபம்.

சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இயந்திரம் வைக்கோலை உருட்டிக் கட்டிக்கொண்டு போகிறதே, அது செய்வது கம்ப்ரஸ். வெளியிலிருந்து விசை வருகிறது, பொருள் சுருங்குகிறது. கயிற்றை அறுத்தால் வைக்கோல் மறுபடி பொங்கி எழும். அப்படி எழாமலும் போகலாம். சொல்லுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அழுத்தினோம், சுருங்கியது, அவ்வளவுதான் அது சொல்கிறது. பஞ்சர் கடையில் காற்றை நெருக்கி வைத்திருக்கும் இயந்திரத்துக்குக் கம்ப்ரஸர் என்று பெயர் வந்தது இதனால்தான்.

மரக்காலில் நெல் அளப்பதை நினைத்துப் பாருங்கள். கொட்டியதும் நிறைந்த மாதிரி இருக்கும். ஒரு குலுக்குக் குலுக்கினால் மட்டம் இறங்கும், இன்னும் ஒரு கை நெல் கொள்ளும். ஒரு நெல்லும் நசுங்கவில்லை. நெல்லுக்கும் நெல்லுக்கும் இடையில் இருந்த காற்று வெளியேறி, மணிகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்துகொண்டன. இது காம்பாக்ட். இங்கே பேச்சு விசையைப் பற்றியது இல்லை, விளைவைப் பற்றியது. இடைவெளி அடைபட்டதா, கெட்டியாக நின்றதா என்பதுதான் கேள்வி. குலுக்கினாலும் சரி, இடித்தாலும் சரி, உருளையை ஓட்டினாலும் சரி.

இன்னொரு பிடிமானம்: ‘கம்ப்ரஸ்’ஸின் வால் ‘பிரஸ்’, அழுத்துவது. ‘காம்பாக்ட்’டின் வால் லத்தீனில் ‘பொருத்திக் கட்டு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அழுத்துவது ஒன்று, பொருந்தச் செய்வது ஒன்று.

ஆங்கிலம் பேசுகிறவர்களே அன்றாடப் பேச்சில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பேசுவார்கள். குப்பையை நெருக்கினோம் என்பதற்கு எதைச் சொன்னாலும் அங்கே யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கட்டட வேலையில் இந்தத் தாராளம் கிடையாது. இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை, தனித்தனி அலகு, தனித்தனிக் காகிதம்.

பெயரடையாக வரும் ‘காம்பாக்ட்’டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ‘காம்பாக்ட் கிச்சன்’ என்றால் அடக்கமான சமையலறை. அதில் இடிப்பதற்கு ஒன்றுமில்லை. மருத்துவக் குறிப்பில் ‘கம்ப்ரஸ்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் அது ஒத்தடம்.

2. எஸ்டிமேட்டை எடுத்துப் பென்சிலால் கோடு போடுங்கள்

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். ‘காம்பாக்ட்’ வருகிற இடத்துக்கு ஒரு கோடு, ‘கம்ப்ரஸ்’, ‘கம்ப்ரெஸ்ஸிவ்’ வருகிற இடத்துக்கு இரண்டு கோடு.

அப்புறம், மூன்றாவதாக ஒரு சொல் ஒளிந்திருக்கும்: ‘கன்சாலிடேட்’. பழைய பொதுப்பணித் துறை பாணியில் எழுதுகிறவர்கள், மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டு இடிப்பதையே ‘கன்சாலிடேட்டிங்’ என்று போடுவார்கள். மண் பொறியியல் பாடத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள். மேலே பாரம் ஏறியதும் களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் மெல்லக் கசிந்து வெளியேற, மண் வருடக்கணக்கில் அமர்ந்துகொண்டே போவதுதான் அங்கே கன்சாலிடேஷன். காம்பாக்‌ஷனில் வெளியேறுவது காற்று, கன்சாலிடேஷனில் வெளியேறுவது தண்ணீர். முன்னது ஒரு நாளில் முடிகிற வேலை, பின்னது நாம் செய்கிற வேலையே இல்லை. நம் ஊர்க் களிமண்ணில் இரண்டும் நடக்கும் என்பதால், அந்த வரியில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு, பக்கத்திலேயே தமிழில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசித்தால், அந்த வரி அவருக்கே தெளிவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

3. பேஸ்மட்டத்து மண்: இங்கே காம்பாக்ட்தான்

வீட்டுக்குள் பேஸ்மட்டம் வரை கொட்டுகிற மண்தான் தரையைத் தாங்குகிறது. சுவரையும் தூணையும் அடித்தளம் தாங்கிக்கொள்ளும், தரைக்கு இந்த மண்ணை விட்டால் ஆள் இல்லை. அதனால்தான் எங்கள் வீட்டில் சுவர் நின்றது, தரை இறங்கியது.

என்ன மண்: கடைக்கால் தோண்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டி மூட விடாதீர்கள். டெல்டாக் களிமண் தண்ணீர் கண்டால் உப்பும், கோடையில் காலை விடுகிற அளவுக்கு வெடிக்கும். கிராவல் அல்லது மணல் கலந்த மண் வேண்டும். லாரியில் வருகிற மண்ணுக்கு நடைச்சீட்டு (மண்ணை எடுத்து வர அரசு தரும் அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்று பார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மண்: பெரிய ஏமாற்றம் இந்தக் கணக்கில்தான். 800 சதுர அடித் தரைக்கு 2 அடி உயரம் என்றால் 1,600 கன அடி, அதாவது 16 யூனிட். ஆனால் அது இடித்த பிறகு இருக்க வேண்டிய அளவு. லாரியில் வருவது தளர்ந்த மண். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை ஒழுங்காக இடித்தபோது, கொட்டியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. முதல் முறை சரியாக 16 யூனிட் கொட்டி மட்டம் வந்துவிட்டது என்றார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சுருங்கவே இல்லை என்றால் இடிக்கவே இல்லை. ஒப்பந்தத்தில் பணம் லோடு கணக்கிலா, இடித்த பிறகு அளந்தா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

எப்படி: ஒரு அடுக்கு 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. இரண்டடியையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால், மேல் அரையடி கெட்டியாகும், கீழே அப்படியே பொலபொலவென்று கிடக்கும். சுவரின் உட்பக்கம் செங்கல்லில் அரையடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்துவிடுங்கள். யாரும் வாதாட முடியாது.

ஈரம் மிக முக்கியம். காய்ந்த மண் எவ்வளவு இடித்தாலும் பொருந்தாது, சேறாகிவிட்டால் திமிசு (மண் இடிக்கும் கட்டை) குத்தக் குத்த ரப்பர் மாதிரி அதிரும். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாகப் போனால் தண்ணீர் போதாது, அப்பளமாகப் பரந்தால் அதிகம்.

கிராவலுக்கும் மணலுக்கும் அதிரும் தட்டு வைத்த காம்பாக்டர் இயந்திரம் நன்றாக வேலை செய்யும். களி கலந்த மண்ணுக்கு அதிர்வு போதாது, குத்துகிற இயந்திரமோ கைத்திமிசோதான் வேண்டும். மூலைகளிலும் சுவரோரத்திலும் எப்படியும் கைத்திமிசுதான். எங்கள் கூடத்தில் கோடு விழுந்தது சுவரோரத்தில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

என்ன காகிதம்: இரண்டு சோதனைகள் சேர்ந்ததுதான் ஒரு காம்பாக்‌ஷன் ரிப்போர்ட். முதலாவது, பரிசோதனைக் கூடத்தில் செய்யும் பிராக்டர் சோதனை. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2720, ஏழாம் பகுதிப்படி 1,000 கன செ.மீ. அச்சில் மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் 2.6 கிலோ எடையை 310 மி.மீ. உயரத்திலிருந்து விட்டு 25 முறை குத்துவார்கள். ஈரத்தை மாற்றி மாற்றிச் செய்து, உங்கள் மண் அதிகபட்சம் எவ்வளவு அடர்த்தி வரும், அதற்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்று சொல்வார்கள். இரண்டாவது, உங்கள் தரையில் குழி தோண்டி அங்கே உண்மையில் வந்திருக்கும் அடர்த்தியை அளப்பது. இரண்டையும் வகுத்தால் சதவீதம். பரிசோதனைக் கூடத்தில் கன செ.மீ.க்கு 1.80 கிராம் வந்து, தரையில் 1.71 இருந்தால் 95 சதவீதம். வீட்டுத் தரைக்கு வழக்கமாகக் கேட்பது இந்த 95. தரையில் 1.62 என்றால் 90தான், மறுபடி இடிக்கச் சொல்லுங்கள்.

தரையில் அளக்கவும் இரண்டு முறை உண்டு. உருளையை அடித்து இறக்கி மண்ணை எடுக்கும் ‘கோர் கட்டர்’ களிமண்ணுக்குப் பொருந்தும். கிராவலில் கல் தடுத்து, கணக்கு தப்பும். கிராவலுக்கு மணலைக் கொட்டி அளக்கிற ‘சாண்ட் ரிப்ளேஸ்மென்ட்’ முறையைக் கேளுங்கள். இன்னொன்று: பிராக்டருக்குக் கொடுத்த மண்ணும் தரையில் கொட்டிய மண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் வேறு குவாரி மண் வந்துவிட்டால் பழைய ரிப்போர்ட் செல்லாது.

4. கான்கிரீட்: இங்கே இரண்டு சொல்லும் வரும்

நான் வழுக்கி விழுந்தது இந்த இடத்தில். கான்கிரீட்டை முதலில் காம்பாக்ட் செய்கிறார்கள், இறுகிய பிறகு கம்ப்ரஸ் செய்து பார்க்கிறார்கள்.

கொட்டிய ஈரக் கான்கிரீட்டுக்குள் காற்று சிக்கியிருக்கும். வைப்ரேட்டர் ஊசியை விட்டு அதை வெளியேற்றுவது காம்பாக்ட். உள்ளே ஒரு சதவீதம் காற்று நின்றாலே வலிமை ஐந்தாறு சதவீதம் குறைந்துவிடும். ஊசியை நேராக இறக்கி, குமிழி வருவது நின்றதும் மெல்ல எடுக்க வேண்டும். அங்கேயே வைத்துக்கொண்டிருந்தால் ஜல்லி கீழேயும் சிமென்ட் பால் மேலேயுமாகப் பிரிந்துவிடும். கொட்டும் நாளில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். டீசல் வைப்ரேட்டர் ஒன்று தயாராக நிற்கட்டும். இதற்குக் காகிதம் கிடையாது, நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கம்ப்ரஸ்ஸுக்குக் காகிதம் உண்டு. அதே கான்கிரீட்டில் 150 மி.மீ. கனசதுரக் கட்டிகள் வார்த்துத் தண்ணீரில் ஊற வைத்து, 7ஆம் நாள் மூன்று, 28ஆம் நாள் மூன்று என்று உடைத்துப் பார்ப்பார்கள். எம் 20 தரக் கான்கிரீட் என்றால் 28ஆம் நாளில் ஒரு சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன். 7ஆம் நாளில் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் போக்கு சரி. ரிப்போர்ட்டை நீங்களே சரிபார்க்கலாம்: முகத்தின் பரப்பு 22,500 சதுர மி.மீ., 20ஆல் பெருக்கினால் 4,50,000 நியூட்டன், அதாவது 450 கிலோ நியூட்டன். உடைந்த பாரம் என்ற பத்தியில் இதற்குக் குறைவாக இருந்துகொண்டு வலிமை பத்தியில் மட்டும் 20க்கு மேல் போட்டிருந்தால், எங்கோ பிசகு.

பொறி என்னவென்றால், கட்டியை மட்டும் நன்றாகக் குத்தி அருமையாக வார்ப்பார்கள். கட்டி 25 காட்டும். உங்கள் தூணில் வைப்ரேட்டரே போயிருக்காது. கம்ப்ரஷன் ரிப்போர்ட் கலவையைப் பற்றித்தான் சாட்சி சொல்கிறது, தூணைப் பற்றி இல்லை. கட்டி வார்க்கும்போது நீங்களே இருந்து, ஈரம் காய்வதற்குள் ஆணியால் தேதியைக் கீறிவிடுங்கள்.

5. செங்கல்

இங்கே கம்ப்ரஸ் மட்டும். ஐந்து கல் கொடுத்தால் போதும். ஐ.எஸ். 1077இல் கடைசி வகுப்புக்கே சதுர மி.மீ.க்கு 3.5 நியூட்டன் வேண்டும். கூடவே தண்ணீர் உறிஞ்சும் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் நம் ஊர் ஈரத்துக்கு அந்தக் கல் வேண்டாம்.

6. மண் ரிப்போர்ட்டிலும் ‘கம்ப்ரஷன்’ வந்தால்

மனையில் துளை போட்டு மண் பரிசோதனை செய்திருந்தால், அந்த அறிக்கையில் ‘அன்கன்ஃபைன்ட் கம்ப்ரஷன்’ என்று ஒரு அட்டவணை இருக்கும். மண்ணுக்குத்தானே, இது போதுமே என்று நினைத்துவிடாதீர்கள். அது உங்கள் மனையில் இயற்கையாகக் கிடக்கும் களிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்வது. அடித்தளம் வடிவமைக்கிறவருக்கு உரியது. நீங்கள் லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்ணைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அறிக்கையின் தேதியைப் பாருங்கள். மண் கொட்டுவதற்கு முந்தைய தேதி என்றால் அது காம்பாக்‌ஷன் ரிப்போர்ட்டாக இருக்க முடியாது.

7. ஆவணங்களைக் ‘கம்ப்ரஸ்’ செய்யும்போது

வீட்டு அனுமதியும் இப்போது ஆன்லைன்தான். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறை இருக்கிறது. பத்திரம், பட்டா, புல வரைபடம், மனையின் படம், வீட்டு வரைபடம் எல்லாம் தயாராக இருக்கட்டும். வங்கிக் கடனுக்கு வில்லங்கச் சான்றும் சேரும். பதிவேற்றும்போது கோப்பு பெரிதாக இருக்கிறது, கம்ப்ரஸ் செய் என்று வரும். ஒரு நாளும் காம்பாக்ட் செய் என்று வராது.

இங்கே கவனம்: அளவுக்கு மீறிச் சுருக்கினால் புல வரைபடத்தின் மெல்லிய கோடுகளும் அளவு எண்களும் கரைந்துவிடும். கயிற்றை அறுத்த வைக்கோல் பொங்கி எழுவது போல அவை திரும்பி வராது. வண்ணத்தில் ஸ்கேன் செய்ததைச் சுருக்குவதைவிட, முதலிலேயே கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் கோப்பு தானாகச் சிறியதாகிவிடும். மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள். பட்டாவையும் ஆதாரையும் முகம் தெரியாத இலவச இணையதளத்தில் போட்டுச் சுருக்க வேண்டாம். கைப்பேசியிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

8. எப்போது, எவ்வளவு

மண் கொட்டத் தை முதல் வைகாசி வரை நல்ல காலம். வழக்கம்போல ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் வரும், பள்ளமான மனையில் கீழிருந்து ஈரம் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது. அந்த மாதங்களில் இடிக்கிறோம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். முடிந்தால் பேஸ்மட்டத்து மண்ணை இடித்துவிட்டு, தரைக் கான்கிரீட்டையும் டைல்ஸையும் ஒரு மழைக்காலம் கழித்துப் போடுங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘ஒரு மழை குடிக்கட்டும்’ என்பார்கள். இடிப்பதற்குப் பதிலாக அல்ல, இடித்த பிறகு.

பிராக்டர் சோதனைக்கு மண்ணை உலர்த்திப் பார்க்க வேண்டும் என்பதால் மூன்று நான்கு நாள் பிடிக்கும். லாரி வருவதற்கு ஒரு வாரம் முன்பே மாதிரி மண்ணைக் கொடுத்துவிடுங்கள். தரை அடர்த்திக்கு ஆள் வந்து குழி போட அரை நாள், முடிவு மறுநாள். கான்கிரீட்டுக்கு 28 நாள், அதைக் குறுக்க வழியில்லை.

செலவை நான் கொடுத்த கணக்கில் சொல்கிறேன், உங்கள் பக்கம் விசாரித்துக்கொள்ளுங்கள். பிராக்டரும் தரையில் மூன்று இடத்து அடர்த்தியும் சேர்த்து ஆறாயிரம். ஆறு கட்டிகளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. இரண்டுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. காம்பாக்டர் இயந்திரம் நாள் வாடகை ஆயிரத்து இருநூறு, நான்கு நாள். அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் இந்தச் சோதனைகள் செய்து தருவார்கள். விண்ணப்பக் கடிதத்தில் ‘மண் டெஸ்ட்’ என்று பொதுவாக எழுதாமல், ‘நிரப்பு மண்ணின் காம்பாக்‌ஷன்’ என்றோ ‘கான்கிரீட் கட்டியின் கம்ப்ரெஸ்ஸிவ் வலிமை’ என்றோ குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பேஸ்மட்டம் முடிந்ததும் தர வேண்டிய தவணை, சதவீதத்தில் முடிவு சொல்லும் காம்பாக்‌ஷன் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகே தரப்படும். முடிவு நியூட்டனில் இருந்தால் அது வேறு ரிப்போர்ட், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.